ஓய்வூதியர்களுக்குத் தனிக் கட்சியா, சுயேச்சைக் குழுவா, எழுத்துமூலப் பேரமா? வன்னிக்கு எது சரிவரும்

தேர்தல் கதை தொடங்கினால் போதும், வன்னியின் ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழும்பிவிடும்: எத்தனை காலத்துக்கு மற்றவர்களுக்கு வாக்குப் போட்டுவிட்டு மனுவும் கையுமாக அலைவது, நாங்களே இறங்கினால் என்ன? நியாயமான கேள்விதான். இலங்கை முழுவதும் ஏறத்தாழ ஏழு இலட்சம் அரச ஓய்வூதியர்கள் இருக்கிறார்கள். வீட்டாரையும் சேர்த்தால் எந்தக் கட்சியும் தட்டிக்கழிக்க முடியாத தொகை.

இறங்குவது என்றால் எதில் என்பதில்தான் குழப்பம் வருகிறது. புதிய கட்சியைப் பதியலாம். பாராளுமன்றத்துக்குச் சுயேச்சைக் குழுவாக நிற்கலாம். பிரதேச சபைக்கு மட்டும் சுயேச்சையாக நிற்கலாம். எவரையும் நிறுத்தாமல், நிற்கிறவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கலாம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வன்னியில் முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவது சில சபைகளில் மட்டும். முழு உழைப்பும் நான்காவதில் போக வேண்டும்.

முதலில், யாருடைய நலன்?

வன்னியில் முதியவர் எல்லோரும் ஓய்வூதியர் அல்ல. ஆசிரியராக, தபால் ஊழியராக, தாதியாக, செயலக எழுதுநராக இருந்தவருக்கு மாதா மாதம் வங்கிக்குப் பணம் வருகிறது. போக்குவரத்துச் சபையிலோ தனியார் நிறுவனத்திலோ உழைத்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி ஒரே தடவையில் கையில் கிடைத்தது, அதோடு கணக்கு முடிந்தது. ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் போட்ட அந்த நிதிதான் 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தன் முறிகளை, அதாவது அரசுக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்களை, மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. புதிய முறிகளுக்கு 2026 தொடக்கம் வரை 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். இனிமேல் ஓய்வுபெறப் போகிறவர் இதை நன்றாகவே உணர்வார்.

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பெரும்பான்மை வயலும் கடலும். விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, மீனவர் திட்டம் 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால். விவசாயிகள் திட்டத்தின் நிதி வற்றி 2012 இல் கொடுப்பனவு நின்று, 2014 இல் மறுபடி தொடங்கியது. குறைந்த தொகை மாதம் ஆயிரம் ரூபா. இவற்றில் எதுவும் இல்லாத, வருமானம் குறைந்த 70 வயதுக்கு மேற்பட்டவருக்கு முதியோர் கொடுப்பனவு உண்டு. அது 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3000 ரூபாவிலிருந்து 5000 ரூபாவானது.

அரச ஓய்வூதியருக்குள்ளும் ஒரே நிலை இல்லை. 2016 இல் வந்த புதிய சம்பளத் திட்டம் 2020 வரை படிப்படியாகத்தான் நடைமுறையானது. இடையில் ஓய்வுபெற்றவர் முழுமை பெறாத சம்பளத்தின் மேல் கணித்த ஓய்வூதியத்தோடு நின்றுவிட்டார். ஒரே பாடசாலையில், ஒரே தரத்தில், மூன்று வருட இடைவெளியில் ஓய்வுபெற்ற இரண்டு அதிபர்களுக்கு இரண்டு விதமான தொகை. 2020 சனவரிக்கு முன் ஓய்வுபெற்றவர்களின் தொகையை 2025, 2026, 2027 யூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது.

இவ்வளவையும் விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “ஓய்வூதியர் கட்சி” என்ற பெயரோடு அரச ஓய்வூதியம் எடுப்பவர்கள் மட்டும் ஊருக்குள் இறங்கினால், கையில் ஒன்றுமில்லாத விவசாயி எதற்காக வாக்களிக்க வேண்டும்? அவருடைய கண்ணுக்கு ஓய்வூதியர் ஏற்கெனவே வசதியானவர். இதற்கு நேர்மையான பதில் இல்லாத எந்த வழியும் வன்னியில் எடுபடாது, எடுபடவும் கூடாது.

வெளிநாட்டுக் கட்சிகளுக்கு நடந்தது

ஓய்வூதியர் கட்சிகள் புதிய யோசனை அல்ல. ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் பல வந்தன, சில அரசாங்கத்திலும் அமர்ந்தன. அவை எழுந்த விதமும் விழுந்த விதமும் எங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

நெதர்லாந்தில் 1994 இல் ஆளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி முதியோர் ஓய்வூதியத்தை உயர்த்தாமல் உறையவைக்கும் யோசனையோடு தேர்தலுக்குப் போனது. கொதித்த முதியோர் ஒரு புதிய கட்சிக்கு 150 இல் ஆறு ஆசனங்களைக் கொடுத்தார்கள், இன்னொன்றுக்கு ஒன்று. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 54 இலிருந்து 34 க்கு இறங்கியது. ஆறு ஆசனம் பெற்ற கட்சியோ ஓராண்டுக்குள் உள்வீட்டுச் சண்டையில் உடைந்து, 1998 இல் ஒன்றும் இல்லாமல் போனது. பிறகு வந்த “50 பிளஸ்” 2017 இல் நான்கு ஆசனம் பெற்றது. 2021 இல் ஒன்றாகக் குறைந்து, அந்த ஒரே உறுப்பினரும் சில வாரங்களில் கட்சியை விட்டு விலகினார்.

இஸ்ரேலின் கில் கட்சி 2006 இல் 120 இல் ஏழு ஆசனங்களை எடுத்தது. பெரிய கட்சிகளில் சலித்த இளைஞர்களின் எதிர்ப்பு வாக்கும் அதில் நிறைய. தலைவர் ரஃபி ஈத்தான் ஓய்வூதியர் அலுவல்களுக்கான அமைச்சரானார். 2008 இல் கட்சி பிளந்தது, 2009 தேர்தலில் ஓர் ஆசனமும் இல்லை. எதிர்ப்பு வாக்கு தங்காது. அதை நம்பிச் செலவுத் திட்டம் போடக்கூடாது.

அதிக காலம் நின்றது ஸ்லோவேனியாவின் தெசுஸ். 1991 இல் தொடங்கி, 1996 இல் 90 இல் ஐந்து ஆசனத்தோடு பாராளுமன்றத்துக்குள் வந்து, 2014 இல் பத்தைத் தொட்டது. இடதானாலும் வலதானாலும் ஆட்சிக்கு வருகிறவரோடு சேர்ந்து, ஓய்வூதியத்தில் கைவைக்காதே என்ற ஒரே நிபந்தனையோடு அமைச்சுகளை எடுத்துக்கொண்டது. 2022 இல் அதுவும் முழுதாக வெளியேறியது. இருபத்தைந்து வருடம் என்பது சிறிய வெற்றியல்ல. ஆனால் அது சாத்தியமானது, அரசாங்கம் அமைக்கச் சின்னக் கட்சிகளின் தயவு தேவைப்பட்ட நாட்டில்.

எங்களுக்கு மிகப் பெரிய பாடம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. அங்கே 1980களில் அரச ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தின் ஆறில் ஐந்து பங்கு ஓய்வூதியம், தனியார் துறையினருக்கு மிகக் குறைவு. “எல்லோருக்கும் ஆறில் ஐந்து” என்று 1987 இல் எழுந்த செயற்குழு 1989 இல் 60 இல் நான்கு ஆசனம் பெற்றது. 1998 இல் வந்த சீர்திருத்தமோ புதிதாகச் சேரும் அரச ஊழியரின் ஓய்வூதியத்தைத் தனியார் துறை மட்டத்தை நோக்கி இறக்கியது. சமத்துவம் கேட்டால் மேலே தூக்கியும் சமப்படுத்தலாம், கீழே இறக்கியும் சமப்படுத்தலாம். கோரிக்கையை எழுதும்போது “இருப்பவருக்குக் குறையாமல், இல்லாதவருக்கு உயரும்படி” என்பது வரியாகவே இருக்க வேண்டும்.

வன்னியின் கணக்கு

கட்சி பதிவதென்றால் தேர்தல் ஆணைக்குழு வழக்கமாக ஆண்டுத் தொடக்கத்தில் விண்ணப்பம் கோரும். யாப்பு, பதவியாளர் பட்டியல், அதில் ஒரு பெண்ணாவது, கணக்காய்வு செய்த கணக்குகள், கொள்கைப் பிரகடனம் எல்லாம் வேண்டும். இவை பெரிய தடையல்ல. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் குறைந்தது நான்கு வருடம் தொடர்ச்சியாக அரசியலில் ஈடுபட்டதைக் காட்டுவதுதான் தடை. சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் நலன்புரிச் செயற்பாட்டுக்கே சான்று. அரசியல் செயற்பாட்டுக்கு அவற்றை நீட்டினால் எடுபடாது. இன்று தொடங்கினாலும் நான்கு வருடம் கழித்துத்தான் விண்ணப்பமே.

கட்சிக்கு ஆதரவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. தேசியப் பட்டியலின் 29 ஆசனங்களுக்கு மாவட்டத்தில் இருப்பது போன்ற 5 வீத வெட்டுப்புள்ளி இல்லை. 2024 இல் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தன் சின்னத்தில் நாடளவில் எடுத்தது 90 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகள், தேசியப் பட்டியலில் ஒன்று கிடைத்தது. ஏழு இலட்சம் ஓய்வூதியரில் எட்டில் ஒருவர் வாக்களித்தாலே அந்தத் தொகை எட்டும். ஆனால் அது காலி, குருநாகல், கண்டி ஓய்வூதியர்களோடு சேர்ந்து செய்கிற காரியம். கிடைக்கிற ஒரே ஆள் வன்னியின் ஆளாக இருப்பார் என்று நம்ப இடமில்லை.

சரி, பதிவு வேண்டாம், சுயேச்சையாக வன்னித் தேர்தல் மாவட்டத்தில் நிற்போம் என்றால்? மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த மாவட்டத்துக்கு ஆறு ஆசனம். பட்டியலில் ஒன்பது பேர் வேண்டும், ஆளுக்கு 2000 ரூபா கட்டுப்பணம், மொத்தம் 18,000. பணம் சின்னது, கணக்குத்தான் பெரியது. 2024 இல் செல்லுபடியான வாக்குகள் இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 5 வீதம் என்றால் பத்தாயிரத்துக்குக் கிட்ட, அதற்குக் கீழே எடுத்தவர் கணக்கிலேயே இல்லை. முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் போக, மீதி ஐந்தும் விகிதாசாரப்படி பிரிந்தன. தேசிய மக்கள் சக்திக்குப் போனஸோடு சேர்த்து இரண்டு, மற்ற நான்கு கட்சிகளுக்கு ஒவ்வொன்று. அந்த ஐந்து கட்சிகளில் மிகக் குறைந்த வாக்கோடு ஆசனம் பெற்ற கட்சிக்கு 18 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைய. அதாவது, புதிய குழு ஒன்று உறுதியாக நிற்க இருபதாயிரம் வாக்கு வேண்டும், அதுவும் நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிடும் களத்தில்.

இன்னொரு இடைஞ்சல்: கிளிநொச்சி வன்னி மண்தான், ஆனால் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் விழுகிறது. பூநகரியிலும் கரைச்சியிலும் உள்ள ஓய்வூதியரின் வாக்கு மாங்குளத்தில் உள்ளவரின் வாக்கோடு சேராது. ஒரே பிரதேசத்து முதியோரின் பலம் தொடங்கும்போதே இரண்டாக வெட்டுப்படுகிறது.

ஆகவே பாராளுமன்றச் சுயேச்சைக் குழு பெறக்கூடிய மூவாயிரம், நாலாயிரம் வாக்கு யாருக்கும் ஆசனம் தராது. அதே வாக்கு கடைசி ஆசனம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கப் போதுமானது. இதைத்தான் பேரத்தில் பயன்படுத்த வேண்டும்.

பிரதேச சபை: எங்கே, எதற்கு

ஓய்வூதியத்தின் தொகை, கணிப்பு, சுற்றறிக்கை எல்லாம் கொழும்பில், திறைசேரியிலும் பொது நிர்வாக அமைச்சிலும் முடிவாகின்றன. மாகாண சபைக்கும் அதில் கை இல்லை. வட மாகாண சபையோ 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்த பிறகு கூடவே இல்லை. பிரதேச சபையில் பத்து ஆசனம் பிடித்தாலும் ஓய்வூதியம் ஒரு ரூபாவும் உயராது. அதைப் பிரசாரத்தில் சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று.

சபையால் முடிந்தவை வேறு: உள்வீதி, தெருவிளக்கு, நூலக வாசிப்பறை, பேருந்துத் தரிப்பிடத்தில் இருக்கையும் நிழலும், சந்தைக் கழிப்பறையில் கைபிடி, இலவச ஆயுர்வேத மருந்தகம், மயானப் பாதை. முதியவருக்கு இவை தினசரித் தேவைகள். ஒரு சபையில் செல்லுபடியான வாக்கு 20,000, உறுப்பினர் 20 என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் வாக்குக்கு ஒருவர். துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற சிறிய சபைகளில் இன்னும் குறைவாகவே தேவைப்படும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்கு மூன்று கிராமங்களில் மாணவர் இருந்தால் இது எட்டக்கூடிய எண்.

இங்கே தவறுவது வாக்கில் அல்ல, வேட்புமனுவில். சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 5000 ரூபா கட்டுப்பணம். இருபது பேரென்றால் ஒரு இலட்சம். பதிந்த கட்சிக்கு 1500 தான். வட்டாரப் பட்டியலும் மேலதிகப் பட்டியலும் முழுதாக நிரம்ப வேண்டும், ஒரு பெயர் குறைந்தாலும் போச்சு. பெண்களுக்குரிய பங்கு உண்டு. அதற்கு மேலாக, 35 வயதுக்கு உட்பட்டோருக்குக் கால் பங்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஓய்வூதியர்கள் மட்டும் நிறைந்த பட்டியல் சட்டப்படியே செல்லாது. பேரப்பிள்ளை வயதில் ஆட்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், அவர்களுக்கும் இந்தக் கோரிக்கைகளில் பங்கு இருக்க வேண்டும். 2025 மார்ச்சில் இளைஞர் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ் உறுதிப்படுத்திய பிரதியாக இல்லை என்று நாட்டின் பல பாகங்களில் பட்டியல்கள் நிராகரிக்கப்பட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. போட்டோப் பிரதியை நம்பவேண்டாம். பிரதேச செயலகத்தில் புதிய பிரதி ஆளுக்கு இரண்டு எடுத்து வையுங்கள்.

சத்தியப் பிரமாணப் படிவம், சொத்து விபரம், சமாதான நீதவானின் கையெழுத்து எல்லாவற்றையும் வேட்புமனு ஏற்கும் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே ஒரு மேசையில் வைத்து இரண்டு பேர் வாசிக்க வேண்டும். முடிவு வந்த பிறகும் வேலை உண்டு: 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி, வென்றவரும் தோற்றவரும் 21 நாட்களுக்குள் செலவு விபரத்தைக் கொடுக்க வேண்டும். தோற்றவர்கள்தான் மறக்கிறார்கள், பிறகு நீதிமன்ற அழைப்பாணை வீட்டுக்கு வருகிறது. எழுபது வயதில் அது ஒருவருக்கும் வேண்டாம்.

எழுத்துமூலப் பேரம்

ஓய்வூதியர் கட்சி எதுவும் பாராளுமன்றத்தில் இல்லாமலே 2025 இன் மூன்று கட்டத் திருத்தம் வந்தது. இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் பழைய ஓய்வூதியத் திட்டம் திரும்பியதும் அப்படித்தான்: ஊழியர் சங்கங்கள் பெரிய கட்சியொன்றை வாக்குறுதிக்குக் கட்டுப்படுத்தின, அது 2022 டிசம்பரில் வென்றது, 2023 சனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பேரம் வேலை செய்யும், ஒழுங்காகச் செய்தால்.

தொடக்கம் எண்ணிக்கையில். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிரதேச செயலகத்திடமும் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஓய்வூதியம் பெறுவோர், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் பெறுவோர், முதியோர் கொடுப்பனவு பெறுவோர். பதில் தர 14 வேலை நாள். கமநல சேவை நிலையத்தில் விவசாயிகள் ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்கலாம். “நிறையப் பேர் இருக்கிறோம்” என்று சொல்கிறவருக்கும், “மாந்தை மேற்கில் இத்தனை பேர், நானாட்டானில் இத்தனை பேர்” என்று தாளை நீட்டுகிறவருக்கும் வேட்பாளர் தரும் மரியாதை வேறு.

அடுத்தது ஒரு பக்கக் கோரிக்கைத் தாள். ஐந்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் வைக்கச் சொல்லும் வரிசை இது. முதலாவது, முதியோர் கொடுப்பனவு விலைவாசியோடு உயர வேண்டும், விடுபட்டவர்களின் மேன்முறையீடு குறித்த நாளுக்குள் முடிய வேண்டும். இரண்டாவது, விவசாயி, மீனவர் ஓய்வூதியத்தின் ஆயிரம் ரூபா அடிமட்டம் மாற வேண்டும். மூன்றாவது, மூன்று கட்டத் திருத்தத்தின் மீதிக் கட்டங்கள் அறிவித்த மாதத்திலேயே கிடைக்க வேண்டும். நான்காவது வன்னிக்கே உரியது: 2008, 2009 இடப்பெயர்வுகளில் சேவைக் கோப்பும் விவாகப் பதிவும் அழிந்தவர்களுக்கு மாற்று ஆவணம் எது என்பதும், காணாமற்போனவரின் துணைக்கு அதற்குரிய சான்றிதழை ஓய்வூதியக் கோப்பில் எப்படி ஏற்பது என்பதும் ஒரே அறிவுறுத்தலாக எழுத்தில் வர வேண்டும். ஐந்தாவது, தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில். அரசியலமைப்பு ஏற்கெனவே தந்த உரிமைதான், நடைமுறைக்குத் திகதி வேண்டும்.

அரச ஓய்வூதியரின் சொந்தக் கோரிக்கை மூன்றாவதாக இருப்பது சிலருக்கு உறுத்தும். ஆனால் இந்த வரிசைதான் வயல்காரரையும் கடல்காரரையும் கூட்டத்துக்குக் கொண்டுவரும். நியாயமும் அதுவே.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம்: முடிவெடுப்பது யார், நீங்கள் என்ன செய்வீர்கள், எப்போது. “பரிசீலிப்போம்”, “குரல் கொடுப்போம்” என்று எழுதினால் அந்தக் கட்டம் வெறுமை என்று கணக்கிடுங்கள். “பாராளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான கேள்வி, முதல் ஆறு மாதத்துக்குள்” என்றால் அது பதில். வேட்புமனு முடிந்த வாரத்தில் எல்லாப் பட்டியலுக்கும் தாளைக் கொடுத்து, பத்து நாள் தவணை வைத்து, வந்த பதில்களை வெட்டாமல் ஒட்டாமல் தபாலகம், சந்தை, கோவில், தேவாலயம், பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளில் போடுங்கள். இன்னாருக்குப் போடு என்று சொல்லத் தேவையில்லை.

தேர்தலுக்குப் பிறகு உறுப்பினர் ஆறு பேரிடமும் அதே தாள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் நிகழ்ச்சி நிரலுக்குள் விடயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். தனிநபர் வழக்குகளை உறுப்பினர் ஒருவர் ஊடாகப் பாராளுமன்றப் பொது மனுக்கள் குழுவுக்கு அனுப்பலாம். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் வாசிக்கப்படுவதால் ஒக்ரோபரில் ஓய்வூதியர் தினத்தன்று மகஜர் கொடுப்பது பிந்திவிடும். அமைச்சுகள் மதிப்பீடு தயாரிக்கும் நடு ஆண்டிலேயே கடிதம் போயிருக்க வேண்டும். தென்னிலங்கை ஓய்வூதியர் சங்கங்களோடு மூன்றாவது கோரிக்கையில் கூட்டுச் சேர்வதும் அவசியம். வன்னி தனியாகத் திறைசேரியை அசைக்காது.

இந்த வழி கெடுவது பெரும்பாலும் உள்ளேயிருந்து. தலைவரோ செயலாளரோ ஒரு கட்சி மேடையில் ஏறினால் அடுத்த நாள் சங்கம் இரண்டாகும். வேட்புமனுவில் கையெழுத்திடும் பதவியாளர் அன்றே பதவி விலகியவராவார் என்று யாப்பில் ஒரு வரி சேருங்கள். மாவட்டத்தில் மூன்று சங்கம் மூன்று தாள் கொடுத்தால் வேட்பாளர் மூன்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு மாவட்டத்துக்கு ஒரு தாள்தான்.

கடைசியாக, வாக்குச்சாவடி. பேரத்தின் பெறுமதி, முதியவர் எத்தனை பேர் உண்மையில் போய் வாக்களித்தார் என்பதில் இருக்கிறது. பார்வை குறைந்தவர், நடக்க முடியாதவர் உதவியாளர் ஒருவரோடு வாக்களிக்க 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், கிராம உத்தியோகத்தரும் மருத்துவரும் கையெழுத்திட வேண்டும். தேர்தல் அறிவித்த வாரமே படிவத்தை எடுத்து, கிளினிக் நாளில் மருத்துவரிடம் கொடுத்து முடித்துவிடுங்கள். வாக்களிப்பு நாள் காலையில் இரண்டு கையெழுத்துக்கும் ஆள் தேடக் கிடைக்காது.